சோத்தாங்கையும் பீச்சாங்கையும் பாடத்திட்டத்துக்குள் வரட்டும்

தமிழ்நாட்டு ஆக்குபேஷனல் தெரபி கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், பாடத்திட்டக் குழுவினருக்கும், குழந்தைகள் பிரிவில் மாணவர்களுக்கு வழிகாட்டும் மூத்த தெரபிஸ்டுகளுக்கும் வணக்கம்.

வலப்பக்கக் கையும் காலும் இறுகிப்போன ஐந்து வயதுக் குழந்தையை, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) பிரிவுக்கு அழைத்து வருகிறார்கள். கேஸ் ஷீட்டில் மாணவர் 'வலப்பக்க ஹெமிப்ளீஜியா, மேக்ஸ் மூன்றாம் நிலை' என்று எழுதுகிறார். முன்னது உடலின் ஒரு பக்கச் செயலிழப்பு, பின்னது கைத்திறனை நிலைகளாகப் பிரிக்கும் அளவுகோல். இலக்கு என்ற கட்டத்தில் 'கைப்பிடியை மேம்படுத்துதல்' என்று போடுகிறார். இரண்டிலும் பிழை இல்லை. ஆனால் அந்தக் குழந்தையின் பாட்டி அதே செய்தியை வேறு விதமாகச் சொல்கிறார்: "சோத்தாங்கை விளங்கலங்க, பீச்சாங்கையால சாப்பிடுறான்." வீட்டில் தினமும் மூன்று வேளை நடக்கும் சண்டை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. ஒரு கைக்குச் சோறு, இன்னொரு கைக்குக் கழுவுதல் என்று மொழியே பிரித்து வைத்திருக்கும் ஊரில் ஒரு குழந்தையின் வலது கை செயலிழந்தால், அவன் பந்தியில் எப்படி உட்காருவான், பள்ளிக் கழிவறையில் என்ன செய்வான் என்ற இரண்டு கேள்விகளும் சேர்ந்தே வருகின்றன. எங்கள் மாணவர்களுக்கு இந்தக் கேள்விகளை எழுப்பக்கூட நாம் கற்றுத்தரவில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் இந்தியாவின் முதல் ஓ.டி. பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் உலக ஓ.டி. கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இத்தனை பழைய மரபு இருந்தும், குழந்தைகள் பிரிவில் நாம் இன்றுவரை கற்பிக்கும் சாப்பாடு ஸ்பூனும் ஃபோர்க்குமாக இருக்கிறது. கற்பிக்கும் எழுத்து ஆங்கில எழுத்து. கழிவறை என்றால் உட்காரும் வகை. மாணவர் மதிப்பெண் வாங்கிவிடுகிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், தயிர் சாதத்தைத் தொட மறுக்கும் குழந்தைக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்.

கையால் சாப்பிடுவதையே எடுத்துக்கொள்வோம். விரல்களை விரித்துச் சோற்றைத் தொட வேண்டும், ஈரத்தையும் ஒட்டலையும் பொறுக்க வேண்டும், பிசைய வேண்டும், நான்கு விரல்களைக் கிண்ணம்போல் குவித்துக் கவளத்தை ஏந்த வேண்டும், மணிக்கட்டைத் திருப்பி வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், கடைசியில் கட்டைவிரலால் உள்ளே தள்ள வேண்டும். ஸ்பூனில் இப்படி விரல்களில் ஏந்துவதும் கட்டைவிரலால் தள்ளுவதும் கிடையாது. பல குழந்தைகள் சிக்குவது ஏந்திய கையைத் திருப்பும் கட்டத்தில்தான். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முடியாத குழந்தை கையைத் தூக்கும்போது சோறு சட்டையில் கொட்டுகிறது. உடனே அம்மா ஊட்டிவிடுகிறார். பயிற்சி அந்த இடத்தில் நின்றுபோகிறது.

இதைப் படிப்படியாகக் கற்றுத்தர வழி இருக்கிறது. முதலில் பொரி, முறுக்குத் துண்டு: உலர்ந்தது, கையில் ஒட்டாது, விரல் நுனியால் எடுத்தால் போதும். அடுத்து இட்லித் துண்டு: மென்மையானது, அதிகம் அழுத்தினால் உதிரும், பிடியின் விசையை அதுவே சொல்லிக் கொடுக்கும். பிறகு குழைந்த பொங்கல் அல்லது கெட்டியான தயிர் சாதம். இவை உருண்டையாக நிற்கும் என்பதால், முதலில் அம்மா உருட்டி வைத்ததைக் குழந்தை எடுத்து வாயில் போடட்டும். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிக்கும் முறை இது. சாம்பார் சாதம் அதற்குப் பிறகு. ரசம் சாதம் எல்லாவற்றுக்கும் கடைசி, அது விரலிடுக்கில் ஓடிவிடும். தட்டு விளிம்பு உயர்ந்ததாக இருக்கட்டும், அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. ஈரம் பிடிக்காத குழந்தையின் கையை வலிந்து சோற்றுக்குள் அழுத்தும் காட்சியைப் பல இடங்களில் பார்க்கலாம். அது வேண்டாம். ஒரு முறை அப்படி அழுத்தினால் அடுத்த பத்து நாள் அந்தக் குழந்தை தட்டைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைக்கும்.

வலது கை இறுகிய குழந்தைக்குச் சாப்பாட்டுக் கை எது என்ற முடிவைத் தெரபிஸ்ட் தனியாக எடுக்கக் கூடாது, குடும்பத்தோடு உட்கார்ந்து எடுக்க வேண்டும். சரியான கையைக் கட்டிவைத்துப் பலவீனமான கையைப் பழக்கும் சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் உண்டு. இருந்தாலும் பசி நேரத்தில் அதைச் செய்தால் குழந்தை சாப்பிடாது, அழும், கட்டை அவிழ்க்கச் சொல்லும். கட்டும் நேரத்தை விளையாட்டுக்கும் நொறுக்குத் தீனிக்கும் வைத்துக்கொள்ளலாம். வாழ்நாள் முழுவதும் உதவிக் கையாகவே இருக்கப்போகிற கை என்று தெரிந்தால், இரண்டு கையும் சேர்ந்தால்தான் முடிகிற வேலைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாழைப்பழம் உரிப்பது, பட்டாணி உரிப்பது, ஒரு கையால் சப்பாத்தியை அழுத்திக்கொண்டு மறு கையால் பிய்ப்பது, டம்ளரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுவது. இவை ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கெனவே நடக்கிற வேலைகள். தனியாகப் பொருள் வாங்க வேண்டியதில்லை.

ஊட்டும் முறையைப் பற்றி ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பேசிவிட்டு நகர்கிறோம். அது போதாது, ஏனென்றால் இங்கே தவறினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம். பெருமூளை வாதம் உள்ள குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, பாலாடை என்னும் மூக்குள்ள சிறு கிண்ணத்தால் ஊற்றும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. உறிஞ்சத் தெரியாத பச்சிளங்குழந்தைக்குப் பாலாடை நல்ல கருவி. அதன் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, குழந்தை விழுங்கும்வரை காத்திருந்து கொடுத்தால் சிக்கல் இல்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கு அதே பாலாடையால், தலை சாய்ந்த நிலையில், வாய்க்குள் நேரடியாக ஊற்றும்போதுதான் ஆபத்து. கழுத்து பின்னால் வளையும்போது மூச்சுப்பாதை திறந்தபடி இருக்கிறது. நீராக ஓடும் பால், விழுங்கும் செயல் தொடங்குமுன் அங்கே இறங்கிவிடும்.

திருத்தம் எளிது, ஆனால் கையால் செய்து காட்ட வேண்டும். இடுப்பும் முதுகும் நிமிர்ந்து உட்காரட்டும், தலை நேராக, தாடை சற்றே உள்வாங்கி இருக்கட்டும். ஊட்டுபவர் குழந்தையின் கண் மட்டத்தில், எதிரே உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும், கழுத்து மறுபடியும் வளைந்துவிடும். குழி குறைந்த ஸ்பூனில் பாதியளவு எடுத்து, நாக்கின் நடுப்பகுதியில் லேசாக அழுத்தி, நேராக வெளியே இழுக்க வேண்டும். மேல் பல்லில் துடைத்து எடுத்தால் தலை பின்னால் போகும், உதடு வேலை செய்யாது. தண்ணீர்தான் எல்லாவற்றிலும் கடினமானது, கேழ்வரகுக் கூழின் பதம் கட்டுக்குள் நிற்கும். இருமல், சாப்பிட்டபின் கரகரத்த ஈரக்குரல், கண்ணில் நீர், அடிக்கடி வரும் சளிக்காய்ச்சல், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடத்துக்கு மேல் ஆவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பேச்சு, விழுங்குதல் நிபுணரிடமும் குழந்தை மருத்துவரிடமும் அனுப்ப வேண்டும். இருமலே இல்லாமலும் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகலாம் என்பது ஒவ்வொரு மாணவர் மனதிலும் பதிய வேண்டும்.

நாற்காலிக்கு வருவோம். சிறப்பு நாற்காலி கொடுத்த வீட்டில் ஆறு மாதம் கழித்துப் போனால், அதில் துணி காய்வதைப் பார்க்க முடிகிறது. குடும்பத்தின் அலட்சியம் என்று குறிப்பெழுதுவது அநியாயம். பெரும்பாலும் அளவுதான் தவறு. 'வளர்ந்தாலும் ஆகட்டும்' என்று பெரிய அளவில் செய்துவிடுகிறார்கள். இருக்கையின் ஆழம் அதிகமானால் முழங்கால் மடங்கும் இடம் விளிம்பில் முட்டும், குழந்தை முன்னுக்குச் சறுக்கும், இடுப்பெலும்பு பின்னால் உருளும், முதுகு கூனும், தலை தொங்கும். தலை தொங்கினால் ஊட்ட முடியாது, விளையாட முடியாது. பிறகு அந்த நாற்காலி எதற்கு?

சுவரோடு ஒட்டிய பெஞ்சில் குழந்தையை உட்காரவைத்து அளக்க வேண்டும். பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள அளவில் 2 முதல் 3 செ.மீ. கழித்தால் இருக்கையின் ஆழம். இடுப்பின் அகலத்தோடு 2 செ.மீ. கூட்டினால் இருக்கையின் அகலம். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை கால் பலகையின் உயரம். தட்டுப்பலகை முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். வளர்ச்சிக்கு இடம் வேண்டுமென்றால் பெரிதாகச் செய்து, முதுகுக்குப் பின்னால் கழற்றக்கூடிய அட்டைத் தடுப்பு வைக்கலாம். காய்கறிக் கடை, மளிகைக் கடை அட்டைப் பெட்டிகளை மைதாப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, நன்கு காயவைத்துச் செய்யும் நாற்காலி சிறு குழந்தையின் எடையைத் தாங்கும். ஈரம் பட்டால் கெடும் என்பதால் மேலே பெயிண்ட் அடிக்க வேண்டும். கட்டும் பட்டை இடுப்பின் குறுக்கே, இருக்கையோடு 45 டிகிரி சாய்வில் வர வேண்டும். மார்பில் மட்டும் துண்டைக் கட்டி உட்காரவைக்கும் வழக்கம் உயிருக்கே ஆபத்து: இடுப்பு கட்டப்படாத குழந்தை கீழே சறுக்கும், அந்தத் துண்டு கழுத்தில் ஏறி இறுக்கும். இந்த ஒன்றைச் சொல்லாமல் எந்த மாணவரையும் வீட்டுப் பார்வைக்கு அனுப்பக் கூடாது.

கழிவறை பற்றிப் பாடத்தில் ஏறக்குறைய எதுவுமில்லை. குந்தி உட்காரும் கழிவறையில், கெண்டைக்கால் தசை இறுகிய குழந்தையின் குதிகால் தரையில் படியாது, எடை பின்னுக்குப் போய் விழும். குதிகாலின் கீழ் சரிவுக்கட்டையும், குந்திய நிலையில் கை எட்டும் உயரத்தில் எதிர்ச்சுவரில் ஒரு குழாய்க் கைப்பிடியும் பல குழந்தைகளுக்குப் போதுமானவை. இடது கை இயங்காத குழந்தைக்குச் சொம்பில் மொண்டு ஊற்றிக் கழுவுவது இரண்டு கை வேலை. தெளிப்புக் குழாய் இருந்தால் ஒரு கையே போதும். அந்த ஒரு கை சோத்தாங்கையாக இருக்கும்போது குடும்பம் தயங்கும். சோப்புப் போட்டுக் கை கழுவுவதையும் சேர்த்தே பயிற்சியாக வைத்து, கூச்சப்படாமல், மரியாதையோடு பேச மாணவர் பழக வேண்டும். ஒன்பது வயதில் பள்ளிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பல குழந்தைகளின் உண்மைக் காரணம் வகுப்பறையில் இல்லை, கழிவறையில் இருக்கிறது.

இனி எழுத்து. நம்மிடம் உள்ள கையெழுத்து மதிப்பீட்டுக் கருவிகள் ஆங்கில எழுத்துகளுக்காக அமைந்தவை. தமிழ்வழியில் படிக்கும் குழந்தையை அவற்றால் அளந்து என்ன தெரிந்துகொள்வது? தமிழுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. 'கொ' என்று காதில் விழும்போது முதலில் கேட்பது ககரம். எழுதும்போதோ ஒற்றைக்கொம்பு முதலில், பிறகு க, அதன்பின் துணைக்கால். கேட்ட வரிசையில் எழுதும் குழந்தை முதலில் க போட்டுவிட்டு, இடமில்லாத இடத்தில் கொம்பை நெருக்கித் திணிக்கிறது. நோட்டைப் பார்க்கும் ஆசிரியருக்கு அது அலங்கோலமான கையெழுத்தாகத் தெரியும். அருகில் உட்கார்ந்து கோடு எந்த வரிசையில் விழுகிறது என்று பார்த்தால் மட்டுமே உண்மை புரியும்: கையில் குறையில்லை, வரிசை பதியவில்லை.

மூன்று சுழி ண, இரண்டு சுழி ன விஷயமும் அப்படியே. தவறாக எழுதும் குழந்தையிடம் மூன்று சிறு சோதனைகள் செய்ய வேண்டும். அச்சிட்ட எழுத்துகளுக்குள் ண-வைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாவிட்டால் உருவத்தைப் பிரித்தறிவதில் சிக்கல். காட்டிவிட்டு, பார்த்து எழுதும்போது தடுமாறினால் கையசைவில் சிக்கல். பார்த்துச் சரியாக எழுதி, சொல்வதெழுதலில் மட்டும் தவறினால் நினைவிலிருந்து மீட்பதில் சிக்கல். மூன்றுக்கும் பயிற்சி வெவ்வேறு. மூவரையும் பிசைமாவு உருட்டச் சொல்லி அனுப்புவதுதான் இப்போது நடக்கிறது. ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கி, பிறகு க, த, ச, அதற்குப் பிறகு சுழியும் வளைவும் நிறைந்த ஞ, ண, இ என்று போவது கைக்கு இணக்கமான வரிசை. கு, மு, ழு போன்றவை கோட்டுக்குக் கீழே இறங்குபவை, கி, கீ மேலே ஏறுபவை. இரட்டைக்கோட்டு நோட்டில் இவற்றுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைக்கூட நாம் எழுதி வைக்கவில்லை. தமிழ்நாட்டின் எல்லா ஓ.டி. கல்லூரிகளும் சேர்ந்து, தமிழாசிரியர்களின் துணையோடு, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை தமிழ்க் கையெழுத்துக்கென ஒரு மதிப்பீட்டை உருவாக்க வேண்டும். முதுநிலை மாணவர்களின் ஆய்வுத் தலைப்புகளைச் சிதறவிடாமல், ஆளுக்கொரு வகுப்பு, ஆளுக்கொரு மாவட்டம் என்று பிரித்துக் கொடுத்தாலே வேலை பாதி முடிந்துவிடும்.

சிகிச்சை அறையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. ஊஞ்சலும் பந்தும் வலைத்தொட்டிலும் இருந்தால் அது நல்ல குழந்தைகள் பிரிவு என்ற எண்ணம் மாணவர்களிடம் ஊறிவிட்டது. அமெரிக்க ஓ.டி. வல்லுநர் ஜீன் அயர்ஸ் வகுத்த, தொடுதல், சமநிலை போன்ற புலனுணர்வுகளை ஒருங்கிணைக்கப் பழக்கும் உணர்வு ஒருங்கிணைப்புச் சிகிச்சை, தேர்ந்த மதிப்பீடும் பயிற்சியும் கேட்பது. ஊஞ்சலில் 20 நிமிடம் ஆட்டிவிட்டு அனுப்புவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. பெருமூளை வாதத்துக்கான சிகிச்சைகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனத் தரம் பிரித்த ஆய்வுத் தொகுப்பு 2013-இல் வந்தது, 2020-இல் அது புதுப்பிக்கப்பட்டது. குழந்தை தானே முயன்று செய்யும் இலக்கு சார்ந்த பயிற்சியும் வீட்டுப் பயிற்சியும் பச்சையில் இருக்கின்றன. குழந்தை சும்மா இருக்க, தெரபிஸ்ட் அசைத்துவிடும் முறைகள் அங்கே இல்லை. நம் செய்முறைத் தேர்வுகளில் இன்றும் அதிகம் மதிப்பெண் பெறுவது இந்தப் பின்னதுதான்.

ஒரு சிறு கணக்கு. குழந்தை ஒரு செயலில் தேற ஏறத்தாழ 15 முதல் 25 மணி நேரப் பயிற்சி வேண்டும். வாரம் இரண்டு செஷன், ஒவ்வொன்றும் 45 நிமிடம். செருப்பைக் கழற்றி, அழுகை அடங்கி, அம்மாவிடம் பேசி முடித்தால், அந்தச் செயலுக்குக் கிடைப்பது 25 நிமிடம். 20 மணி நேரம் சேர 24 வாரம் ஆகும். வீட்டில் தினமும் 15 நிமிடம் சேர்ந்தால் 8 வாரத்தில் முடியும். வீட்டுப் பயிற்சி என்று 12 உடற்பயிற்சிகளைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தால் எந்த அம்மாவும் செய்ய மாட்டார், அவருக்கு நேரம் கிடையாது. ஒரே ஒரு செயல், ஏற்கெனவே நடக்கும் நேரத்தில்: காலையில் சட்டை போடும்போது கடைசிப் பொத்தானைக் குழந்தையே போடுவது. செய்த நாளைத் தினசரிக் காலண்டர் தாளில் டிக் அடிப்பது. அடுத்த முறை வரும்போது அந்தத் தாள்களைக் கொண்டுவரச் சொல்லலாம். டிக் இல்லாத நாள்களைப் பார்த்துக் கடிந்துகொள்ளக் கூடாது, அன்று என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பதில் நம் திட்டத்தின் குறையைத்தான் காட்டும்.

இவற்றையெல்லாம் யார் கற்றுத்தருவது? குழந்தையைத் தொட்டு ஐந்து ஆண்டு ஆன ஆசிரியரால் முடியாது. வகுப்பெடுக்கும் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒன்றரை நாளாவது தாமே குழந்தைகளைப் பார்க்க வேண்டும், மாணவர்கள் அதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணுகிறோம். ஒரு மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'உன் கை ஏன் குழந்தையின் முழங்கையில் இருக்கிறது? எடுத்துவிட்டுப் பார்' என்று சொல்லிக் கொடுத்த நேரத்துக்கு எந்தக் கணக்கும் இல்லை. கற்பிக்கும் திறமையுள்ள நல்ல தெரபிஸ்டுகள் கல்லூரிப் பக்கம் வராததற்கு இது பெரிய காரணம்.

உலகக் கூட்டமைப்பு கேட்கும் குறைந்தபட்சக் களப்பயிற்சி 1000 மணி நேரம். அதில் குழந்தைகள் பிரிவுக்கு 240 மணி நேரம், அதாவது வாரம் 40 மணி வீதம் ஆறு வாரம், ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறோம். அதில் பாதி பிரிவுக்கு வெளியே நடக்கட்டும்: வீடு, அங்கன்வாடி, அரசுப் பள்ளி, 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம். சீரான பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பை, ஓ.டி. போன்ற துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கான தேசிய ஆணையத்திடம் தந்திருக்கிறது. சாப்பாடு, கழிவறை, தமிழ் எழுத்து மூன்றையும் பெயர் சொல்லிச் சேர்க்கும்படி அங்கே நீங்கள் எழுத வேண்டும்.

ஆணையம் பதில் சொல்லும்வரை இறுதித் தேர்வு காத்திருக்க வேண்டியதில்லை. வாய்மொழியாக வரையறை ஒப்பிக்கும் அரை மணி நேரத்தை எடுத்துவிட்டு, மாணவருக்கு ஒரு குழந்தையும் அதன் அம்மாவும் 40 நிமிடமும் கொடுங்கள். அம்மா சொல்லும் ஒரு கஷ்டத்தைக் கேட்டு, குழந்தை அதைச் செய்வதைப் பார்த்து, ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, அம்மாவையே செய்யவைத்துக் காட்ட வேண்டும். மேசையில் அளவு நாடா, துண்டு, பழைய செய்தித்தாள், எவர்சில்வர் தட்டு, பொரி, குழைந்த தயிர் சாதம் இருந்தால் போதும். அடுத்த ஆண்டு இன்டர்ன்ஷிப் அட்டவணை போடுவதற்குள் இப்படி ஒரு மாதிரித் தேர்வு நடத்த விரும்பும் கல்லூரிக்கு, தேர்வாளர்களாக வந்து உட்காரவும், மதிப்பெண் பட்டியல் வரைந்து தரவும் எங்களில் பலர் சம்பளமில்லாமல் வரத் தயார்.

இப்படிக்கு,
குழந்தைகள் ஆக்குபேஷனல் தெரபியில் பணிபுரிவோரும் கற்பிப்போரும்